பாட்டுக்கு நடுவே செய்தி: டப்ளினில் ஒரு செவ்வாய் இரவு

எல்லாருக்கும் வணக்கம். அயர்லாந்தின் தலைநகர் டப்ளினிலிருந்து பேசுகிறேன். போன வீடியோவில் பின்னால் ஏதோ வடை பொரிகிற சத்தம் வருகிறது, மைக்கை மாற்றுங்கள் என்றீர்கள். மைக்கை மாற்றிவிட்டேன். அந்தச் சத்தம் மழை. அதை மாற்ற என்னால் ஆகாது.

நேற்று இரவு ஒரு பப்பில் செஷன் கேட்கப் போயிருந்தேன். செஷன் என்றால் கச்சேரி இல்லை. மேடை, மைக், டிக்கெட் எதுவும் கிடையாது. ஒரு மூலையில் வட்ட மேசை, அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர், கையில் ஃபிடில் (நம் வயலின்தான்), புல்லாங்குழல், டின் விசில் என்ற தகரக் குழல். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஏனென்றால் அவர்கள் வாசிப்பது நமக்காக இல்லை, ஒருவருக்கொருவர். நான் போன முதல் நாளே ஒரு காலி நாற்காலியைப் பார்த்து ஜம்மென்று போய் உட்கார்ந்துவிட்டேன். யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ என்ன வாசிப்பாய்?" என்று கேட்டார். ஒன்றும் வாசிக்கத் தெரியாது என்றேன். "அப்படியா, ரொம்ப நல்லது" என்றார். இரண்டு நிமிடம் கழித்துத்தான் புரிந்தது, நான் உட்கார்ந்திருந்தது பைப் வாசிப்பவரின் இடம். இந்த ஊர்க்காரர்கள் திட்டினால் நமக்குத் தெரியவே தெரியாது.

அந்தப் பைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் இல்லன் பைப்ஸ். வாயால் ஊதுவதில்லை. முழங்கைக்கு அடியில் ஒரு துருத்தி, அதை அமுக்கி அமுக்கிக் காற்றை அனுப்புகிறார்கள். கற்க ஏழு வருடம், பழக ஏழு வருடம், வாசிக்க ஏழு வருடம் என்று இங்கே ஒரு கணக்கு உண்டு. 2017-இல் யுனெஸ்கோவே இதைப் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

அப்புறம் பௌரான். எழுதும்போது நடுவில் டி, ஹெச் எல்லாம் வரும், வாயில் வராது. ஆட்டுத்தோல் போர்த்திய வட்டப் பறை என்று வையுங்கள். நம் பறையைத் தீயில் வாட்டுவோம் இல்லையா, இங்கே தலைகீழ்: தோல் இறுகிப்போனால் உள்பக்கம் லேசாகத் தண்ணீர் தடவுகிறார்கள். இடது கை தோலுக்குப் பின்னால் இருக்கும், அதை நகர்த்த நகர்த்த ஒலி ஏறி இறங்கும். பாவம், செஷனில் எல்லாரும் கிண்டலடிக்கிற ஆள் பௌரான்காரர்தான். பௌரானை எதால் வாசித்தால் நன்றாக இருக்கும்? பேனாக் கத்தியால். ஷேமஸ் என்னிஸ் என்ற பைப் மேதை சொன்னதாக இந்த ஜோக் இன்னும் சுற்றுகிறது.

இவர்கள் வாசிப்பது ஜிக், ரீல், ஸ்லிப் ஜிக் என்ற நடன மெட்டுகள். தாளம் பிடிபட நமக்குச் சுலபமான வழி இருக்கிறது. ஜிக் என்றால் தகிட தகிட. ரீல் என்றால் தகதிமி தகதிமி. ஸ்லிப் ஜிக் என்றால் தகிட தகிட தகிட. அவ்வளவுதான், இனி நீங்களும் காலைத் தட்டிக்கொண்டு பாதி ஐரிஷ்காரர் மாதிரி உட்காரலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று ட்யூன் சேர்த்து ஒரு செட், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் பத்து நிமிடம் பேச்சு. இந்த நாட்டு நடப்பு தெரிய எனக்கு டிவி தேவைப்படவில்லை, இரண்டு செட்டுக்கு நடுவில் இவர்கள் வாயைப் பார்த்தாலே போதும். நேற்று முதலில் வந்தது நாடாளுமன்ற வளாகத்து சைக்கிள் ஷெட். 2024-இல் வெளிவந்த சமாச்சாரம், செலவு ஏறக்குறைய 3,36,000 யூரோ. பக்கச் சுவர் கிடையாது, இந்த ஊர் மழை பக்கவாட்டில்தான் வரும். பைப்காரர் அடுத்த ரீலுக்கு "சைக்கிள் ஷெட்" என்று பெயர் வைத்துவிட்டார்.

அடுத்தது செருப்பு. 2023-இல் அரசுத் தொலைக்காட்சியான ஆர்.டி.இ. கணக்கு வழக்கைக் கிளறினார்கள். ஒரு இசை நாடகத்தில் 22 லட்சம் யூரோ நஷ்டம் என்று தெரிந்தது. அதை ஜனங்கள் அரைகுறையாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். 200 ஜோடி ஃபிளிப்-ஃபிளாப் செருப்புக்குக் கிட்டத்தட்ட 5,000 யூரோ என்றதை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை. 22 லட்சம் யாருக்கும் கண்ணில் தெரியாது, செருப்பு தெரியும்.

ஆனால் பாட்டும் அரசியலும் கட்டிப் புரண்டதென்றால் அது 2014 ஜூலைதான். கார்த் புரூக்ஸ், அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசைப் பாடகர். குரோக் பார்க் மைதானத்தில் ஐந்து நாள் கச்சேரி, 4 லட்சம் டிக்கெட் விற்றாயிற்று. அன்றைக்கு நாட்டு ஜனத்தொகையே சுமார் 46 லட்சம், கிட்டத்தட்ட பன்னிரண்டு பேருக்கு ஒரு டிக்கெட். மைதானத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் தூங்க வேண்டாமா என்று கேட்க, மாநகராட்சி மூன்று நாளுக்குத்தான் அனுமதி என்றது. ஐந்தில் ஒன்று குறைந்தாலும் வர மாட்டேன் என்று அவர் பிடிவாதம். நாடாளுமன்றக் குழு கூடி விசாரித்தது. மெக்சிகோ தூதர் சமரசம் பேச முன்வந்தார். மெக்சிகோவுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று நானும் பல பேரிடம் கேட்டுவிட்டேன், எல்லாரும் சிரிக்கிறார்கள், பதில் இல்லை. கடைசியில் ஐந்தும் ரத்து. 2022 செப்டம்பரில் அதே மைதானத்துக்கு வந்து ஐந்து நாளும் பாடிவிட்டுப் போனார் மனிதர். நேற்று மேசையில் ஒரு அம்மா 2014 டிக்கெட்டை இன்னும் பர்ஸில் வைத்திருந்தார்.

ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷன் பேச்சும் வந்தது. ஏழு முறை ஜெயித்த நாடு, 1992, 93, 94 என்று வரிசையாக மூன்று. 2008-இல் டஸ்டின் என்ற வான்கோழிப் பொம்மையைப் பாட அனுப்பி, அரையிறுதியிலேயே திரும்பி வந்தார்கள். இஸ்ரேல் பங்கேற்பதால் 2026 போட்டிக்கு வரமாட்டோம் என்று ஆர்.டி.இ. அறிவித்துவிட்டது. இந்தப் பேச்சில் மட்டும் யாரும் ஜோக் அடிக்கவில்லை, ஃபிடில்காரர் சட்டென்று வில்லை எடுத்து அடுத்த செட்டை ஆரம்பித்தார்.

இங்கே பாராட்ட வேண்டியதும் இருக்கிறது. 2022-இலிருந்து 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ கொடுத்துப் பார்த்தார்கள், குலுக்கல் முறையில் தேர்வு. பிறகு அதை நிலையான திட்டமாக்குவதாக அறிவித்தார்கள். ஒரு யூரோ நாணயத்தில் இவர்கள் போட்டிருப்பதும் ஒரு வாத்தியம்தான், ஹார்ப் என்ற நரம்பிசைக் கருவி. அதிலும் கின்னஸ் பீர் கம்பெனி ஹார்ப்பை 1876-லேயே பதிவு செய்துகொண்டதால், பின்னால் வந்த அரசாங்கம் தன் ஹார்ப்பை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது. காசைப் பார்த்துவிட்டு பாட்டிலைப் பாருங்கள்.

பத்து மணி வாக்கில் ஆபத்து வந்தது. பாடி முடித்தவர் அடுத்து யார் என்று கைகாட்டலாம், அதற்கு நோபிள் கால் என்று பெயர். கை என் பக்கம் நீண்டது. மாட்டேன் என்றால் மரியாதை இல்லை. அப்பத்தா வாயால் கேட்ட ஒரு கும்மிதான் நினைவுக்கு வந்தது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்து விட்டேன். இரண்டாவது அடியில் பௌரான் சேர்ந்துகொண்டது. தகிட தகிட, அவருக்கு அது ஜிக். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

முடிந்ததும் பெரியவர் கேட்டார், "அழகு. என்ன அர்த்தம்?"

மழை வேண்டிப் பாடுவது என்றேன்.

மேசை ஒரு நொடி கப்சிப். பிறகு பைப்காரர் சிரித்த சிரிப்பில் துருத்தி தானாகவே ஒரு சத்தம் போட்டது. அந்த டிக்கெட் அம்மா ஜன்னலைக் காட்டினார். நான் நனைந்துகொண்டே வீடு வந்தேன், இதோ, இன்னும் விடவில்லை.