பூச்சு இல்லாத சுவர்

நேயர்களுக்கு வணக்கம். நீலகிரியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஓதத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூடலூர் பக்கம் ஆனி, ஆடி மழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை. எந்த மழையானாலும் சுவரில் அடித்த பெயிண்ட் அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்துவிடும். ஓவிய ஆசிரியராக இருந்தவன் என்பதால், புதுக் கட்டடம் எழுந்தால் சுவரில் படம் வரைய என்னைக் கூப்பிடுவார்கள். சுவரே படமாக இருக்கக் கூடாதா என்று கேட்பேன். சிரிப்பார்கள்.

அதைக் கட்டியே காட்டியவர் சதீஷ் குஜ்ரால். ஓவியர், சிற்பி, கட்டடங்களும் வடிவமைத்தவர். 1925இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஜீலத்தில் பிறந்தார், 2020இல் மறைந்தார். எட்டு வயதில் காஷ்மீரில் ஆட்டம் கண்ட ஒரு பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தார். அதைத் தொடர்ந்து வந்த நோயில் காது கேட்காமல் போயிற்று. 1952இல் மெக்சிகோ போனார். தியேகோ ரிவேரா, சிக்கெய்ரோஸ் எல்லாம் அங்கே பொதுக் கட்டடங்களின் சுவர்களில் வரைந்துகொண்டிருந்த காலம். ஊர் திரும்பியவர் பீங்கான் ஓடுகளில் பெரிய சுவரோவியங்கள் செய்தார். கவனியுங்கள், ஓட்டோடு சேர்ந்து வெந்த நிறம் உரியாது.

அப்புறம்தான் டில்லியில் பெல்ஜியத் தூதரகம். கட்டடக்கலை படிக்காத மனிதரிடம் அந்த வேலை வந்தது. 1980களின் தொடக்கத்தில் எழுந்த அந்தக் கட்டடம் பூச்சே இல்லாத செங்கல், வளைவுகள், குவிமாடங்கள். நிறம் வேண்டுமா, செங்கல்லே சிவப்பு. சிற்பம் தனியாக வைக்க வேண்டாம், கட்டடத்தையே சுற்றிவந்து பார்க்கலாம்.

அதன் படத்தைக் குன்னூரில் ஒரு கொத்தனாரிடம் காட்டினேன். குவிமாடத்தைப் பார்த்து வாய் பிளப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கைப் பார்த்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்தார். “சார், பூசப் போற சுவருன்னா கோணலா வெச்சாலும் மறைச்சிரலாம். இதுல மறைக்க வழியே இல்ல. கூலி இரண்டு மடங்கு கேப்பேன்” என்றார். நான் படித்த எந்த விமர்சனமும் அந்தக் கட்டடத்தை இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. போகும்போது திரும்பி நின்று, “டில்லி மழை வேற, நம்ம மழை வேற சார். இங்க இப்படிக் கட்டுனா இறவாரத்த, அதான் கூரை விளிம்ப, நல்லா நீட்டணும், இல்லன்னா செங்கல் தண்ணி குடிச்சிரும்” என்றார்.

இறவாரம் என்றதும் எனக்குத் தோடர் கோயில்தான் நினைவுக்கு வரும். வளைந்த புல்கூரை கிட்டத்தட்டத் தரை வரை இறங்கும். முன்பக்கக் கல்லில் எருமைத் தலை, சூரியன், சந்திரன். எது ஓவியம், எது கட்டடம் என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம். ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலேயே தோடர் மந்து, அதாவது அவர்கள் குடியிருப்பு, இருக்கிறது. மலர்க் கண்காட்சிக்குப் போகிற கூட்டத்தில் பாதிகூட அங்கே ஏறுவதில்லை.

சரி, நிலையத்து நண்பர் கையைக் காட்டுகிறார். குஜ்ரால் மரத்தைக் கருக்கிச் செய்த சிற்பங்களைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வந்தேன். அதற்கு இன்னொரு நாள் கூப்பிட வேண்டும். டில்லி போகிறவர்கள் தூதரகத்துக்குள் நுழைய முடியாது. உயர் நீதிமன்றத்தின் வெளிச்சுவரில் அவர் செய்த சுவரோவியம் இருக்கிறது, அதைப் பாருங்கள். வணக்கம்.