அரியர் வச்சவங்களுக்கு பி.பார்ம் கிடைக்குமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்குப் பேசுறதுக்கு நாலஞ்சு கேள்வி எடுத்து வச்சிருந்தேன். அதுல ஒண்ணு மனசை விட்டுப் போகமாட்டேங்குது, அதனால அதை முதல்ல எடுத்துக்கிறேன்.

பாம்பன் பக்கத்திலேர்ந்து ஒரு பொண்ணு எழுதியிருக்கு. படிக்கிறேன். "அம்மா, நான் பிளஸ் டூல பயாலஜி குரூப், தமிழ் மீடியம். நல்ல மார்க் எடுத்தேன். இப்ப பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, முதல் வருஷத்துலயே நாலு அரியர். எனக்கு பார்மசி படிக்கணும்னு ஆசை. அரியர் வச்சவங்களை பார்மசி காலேஜ்ல சேர்க்கமாட்டாங்கன்னு சொல்றாங்க. எங்கம்மா கடல்ல பாசி எடுக்கிற வேலைக்குப் போறாங்க. அவங்ககிட்ட அரியர் விஷயத்தை இன்னும் சொல்லலை. எனக்கு இனிமே வழி இருக்கா?"

வழி இருக்கு தாயி. முதல்ல அதைக் கேட்டுக்கோ, அப்புறம் மத்ததைப் பேசுவோம்.

நம்ம ஊர்ல பி.பார்ம் சீட்டு பிளஸ் டூ மார்க்கை வச்சுத்தான். இயற்பியல், வேதியியல், அதோட உயிரியலோ கணக்கோ படிச்சிருக்கணும். இதுக்கு நீட் கிடையாது. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு சென்னை கீழ்ப்பாக்கத்துல இருக்கிற மருத்துவக் கல்வி இயக்கக தேர்வுக்குழு விண்ணப்பம் வாங்கி, தரவரிசை போட்டு, கவுன்சலிங் நடத்தும். நர்சிங், பிசியோதெரபி எல்லாம் சேர்ந்து வர்ற அதே விண்ணப்பம்தான், போன தடவை நர்சிங் பத்திப் பேசினப்போ காமிச்சேனே, அது. அந்தத் தரவரிசையில உன்னோட பி.எஸ்சி. மார்க் வர்றதே இல்லை. நாலு அரியர் இருந்தாலும் சரி, எல்லாத் தாள்லயும் முதல் வகுப்பு எடுத்திருந்தாலும் சரி, அந்தப் பட்டியலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

அப்புறம் எங்கேயிருந்து இந்தப் பயம் வருது? பிள்ளைங்க போன்ல பார்க்கிற வீடியோதான். அமெரிக்காவுல பார்ம்.டி.க்கு, அதாவது அங்க மருந்தாளுநர் ஆகுறதுக்கான பட்டத்துக்குப் போகணும்னா முதல்ல ரெண்டு மூணு வருஷம் காலேஜ்ல வேதியியல், உயிரியல் எல்லாம் படிச்சு முடிக்கணும். அங்க அந்த காலேஜ் மார்க்கைத்தான் பார்ப்பாங்க. முதல் வருஷம் சறுக்கினவங்க அங்க நிஜமாவே அதைச் சரிக்கட்டிக் காட்டணும். அது அந்த நாட்டு வழக்கம். அதைக் கேட்டுட்டு ராமநாதபுரத்துல உட்கார்ந்து நம்ம பிள்ளை தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

மார்க் போதலைன்னா இன்னொரு வாசல் டி.பார்ம், பார்மசி டிப்ளமோ. ரெண்டு வருஷம், அதுக்கப்புறம் 500 மணி நேரம் ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல பயிற்சி. அதை முடிச்சவங்க பி.பார்ம் ரெண்டாம் வருஷத்துல நேரடியா சேரலாம், லேட்டரல் என்ட்ரி. தொண்டிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் அப்படித்தான் போனான். அவன் கதைக்கு அப்புறம் வர்றேன்.

எந்தக் காலேஜா இருந்தாலும் இந்திய மருந்தியல் கவுன்சில், பி.சி.ஐ., அங்கீகாரம் இருக்கான்னு அவங்க இணையதளத்துல நீயே பாரு. அங்கீகாரம் இல்லாத இடத்துல படிச்சா மருந்தாளுநராப் பதிவு பண்ண முடியாது, பதிவு இல்லாம மருந்து கொடுக்கக் கூடாது. இது 1948ஆம் வருஷச் சட்டம். "சீட்டு வாங்கித் தர்றேன், அட்வான்ஸ் கட்டுங்க"ன்னு யாராவது வீட்டுக்கு வந்தா தண்ணி கொடுத்து அனுப்பிடுங்க. நம்ம கரையில இந்த ஆளுங்க எப்ப வர்றாங்க தெரியுமா? ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும், வீட்டுல வருமானம் இருக்காது, அந்த நேரத்துலதான் ரிசல்ட்டும் வரும். அப்பப் பார்த்து வட்டிக்குக் கடன் வாங்கி அட்வான்ஸ் கட்டுறாங்க. எனக்கு வயிறு எரியுது.

இன்னொண்ணு. கையில ஒதுக்கீட்டு ஆணை வர்ற வரைக்கும் இப்ப இருக்கிற காலேஜை விட்டுடாதே. டி.சி. வாங்கிட்டு வீட்டுல உட்கார்ந்துட்டா அம்மாவுக்கும் பதில் சொல்ல முடியாது, படிக்கிற பழக்கமும் போயிடும். சில காலேஜ்ல "மூணு வருஷப் பீஸையும் கட்டினாத்தான் சர்டிபிகேட்"னு சொல்லுவாங்க. அப்படி அசல் சான்றிதழைப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு யு.ஜி.சி., பல்கலைக்கழக மானியக் குழு, 2018 அக்டோபர்லயே அறிவிப்புப் போட்டிருக்கு. அதை அச்செடுத்துக் கையில வச்சுக்கிட்டுப் போய், மரியாதையா, எழுத்துல கேளு. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் உனக்கு வருதுன்னா, படிப்பு மாறினா அது என்ன ஆகும்னு காலேஜ்ல அதைப் பார்க்கிற பொறுப்பாளர்கிட்ட முதல்லயே விசாரிச்சுக்கோ.

சரி. நீ கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனா நீ கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு. எனக்கு அதுதான் முக்கியமாப் படுது. உள்ளே போகலாம், சரி. போனா அங்க நிலைச்சு நிக்க முடியுமா?

எப்பவும் பார்க்கிறவங்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப்போறேன்னு தெரியும். ஏன் விழுந்துச்சுன்னு பாரு. படிப்பை மாத்துறதுக்கு முன்னாடி, ஏன் விழுந்துச்சுன்னு பாரு. காரணம் தெரியாம இடத்தை மட்டும் மாத்தினா, காரணமும் உன்கூடவே பஸ் ஏறி வந்துரும்.

நீ எழுதினதுல கீழே ஒரு வரி இருக்கு, மேலே படிக்கலை, இப்பப் படிக்கிறேன். "நாலுல ரெண்டு இங்கிலீஷ், ஒண்ணு அல்லைடு பிசிக்ஸ், ஒண்ணு கெமிஸ்ட்ரி. கிளாஸ்ல சொல்றது புரியுது, பரீட்சையில எழுத வரமாட்டேங்குது." இது போதும் பாப்பா. உனக்கு வேதியியல் வராம இல்லை. மொழிதான் தடுக்குது. அப்ப இதையும் தெரிஞ்சுக்கோ, பி.பார்ம் முழுக்க இங்கிலீஷ்தான். முதல் செமஸ்டர்லயே உடற்கூறு, உடலியல், கனிம வேதியியல், மருந்துப் பகுப்பாய்வு எல்லாம் வரும். பயாலஜி படிக்காதவங்களுக்கு ரெமிடியல் பயாலஜினு ஒரு தாள் வச்சிருக்காங்க, கணக்கு படிக்காதவங்களுக்கு ரெமிடியல் மேத்ஸ். தமிழ் மீடியத்துல வந்தவங்களுக்குன்னு அப்படி ஒண்ணும் தனியா இல்லை. அதை நீயேதான் உனக்கு ஏற்பாடு பண்ணிக்கணும், அதுவும் இப்பலேர்ந்தே.

பி.பார்ம்ல பாஸ் மார்க் 50. வருகை 80 சதவீதம். அஞ்சாவது செமஸ்டர் வகுப்புக்குப் போகணும்னா முதல் ரெண்டு செமஸ்டர் தாள் ஒண்ணுகூட பாக்கி இருக்கக் கூடாது. அரியரை மூட்டை கட்டிக் கடைசி வருஷம் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போற வழி இங்க இல்லை. பயமுறுத்துறதுக்காக இதைச் சொல்லலை. சேர்ந்தப்புறம் தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவே, அதுக்காகச் சொல்றேன்.

ஏன் இவ்வளவு கறாரா வச்சிருக்காங்க? நான் அரசு ஆஸ்பத்திரியில மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னாடி நின்னு வேலை பார்த்தவ. ஒரு நாள் குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஒரு தாய் வந்தாங்க, காய்ச்சல். பாராசிட்டமால் சிரப் எழுதியிருக்கு. "வீட்டுல பழைய பாட்டில் இருக்கு, அதே மருந்துதானே, அதையே கொடுக்கவா?"ன்னு கேட்டாங்க. பாட்டிலைக் கொண்டு வரச்சொல்லிப் பார்த்தேன். டாக்டர் கணக்குப் போட்டது 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் இருக்கிற சிரப்புக்கு. அவங்க வீட்டுல இருந்தது 5 மில்லிக்கு 250. அதே மூடி, அதே அளவு ஊத்தினா குழந்தைக்குள்ள ரெண்டு மடங்கு போகும். ஒரு வேளையில இல்லாட்டியும், நாளெல்லாம் அப்படியே ஊத்தினா ஈரல் தாங்காது. அந்த லேபிள்ல இருக்கிற எண்ணைப் படிச்சுப் புரிஞ்சுக்கத்தான் நாலு வருஷம். டாக்டர் சீட்டு இருந்தாத்தான் கொடுக்கணும்ங்கிற ஷெட்யூல் எச் மருந்து பத்திப் பேசினப்பவும் இதைத்தான் சொன்னேன், மருந்துக் கடையில நிக்கிறது பெட்டியை எடுத்துக் கொடுக்கிற வேலை இல்லை.

தொண்டிப் பையன் கதை. இன்ஜினியரிங் சேர்ந்தான், அரியரா குவிஞ்சு போச்சு, பாதியில விட்டுட்டான். வீட்டுல "இவனுக்குப் படிப்பு வராது"ன்னு முடிவே பண்ணிட்டாங்க. என்கிட்டக் கூட்டிட்டு வந்தப்ப நான் மார்க் ஷீட்டைக் கேட்கலை. எப்ப தூங்குவேன்னு கேட்டேன். ராத்திரி மீன் இறங்குற இடத்துல ஐஸ் உடைச்சுப் பெட்டி ஏத்திட்டு, விடிஞ்சு காலேஜ் பஸ்ல ஏறியிருக்கான். காலையில முதல் ரெண்டு மணி நேரம் எந்தத் தாளோ அதெல்லாம் போயிருக்கு, சாயங்காலத் தாளெல்லாம் பாஸ். மூளையில ஒரு கோளாறும் இல்லை, தூக்கம்தான் இல்லை. டி.பார்ம் சேர்றதுக்கு முன்னாடி அந்த ராத்திரி வேலையை அவங்க மாமா பார்த்துக்கிறதா வீட்டுல பேசி முடிச்சோம். அதுக்கப்புறம் லேட்டரல் என்ட்ரியில பி.பார்ம் போனான், முடிச்சான். இப்ப மருந்துக் கம்பெனியில தரக்கட்டுப்பாட்டுல இருக்கான். காரணத்தைப் பிடிக்காம சேர்த்திருந்தா டி.பார்ம்லயும் அதே காலை ரெண்டு மணி நேரம்தான் போயிருக்கும்.

அதனால தாயி, உன் இங்கிலீஷுக்கு ஒரு ஏற்பாடு பண்ணு. இலக்கணப் புத்தகம் வாங்காதே. உன் கெமிஸ்ட்ரி புத்தகத்தையே எடு. தினமும் ஒரு பக்கம், மூடி வச்சுட்டு, அஞ்சு வரி இங்கிலீஷ்ல எழுது. தப்பா எழுது, பரவாயில்லை. ஆனா எழுது. உனக்குப் புரியுதுன்னு நீயே சொல்றே, அப்ப கைதான் பழகணும். அந்த நாலு அரியரையும் இந்த வருஷமே எழுதிப் பாரு. தரவரிசைக்கு அது வேண்டாம். உனக்கு வேணும், பழகின கை எப்படி எழுதுதுன்னு தெரிஞ்சுக்க.

உங்கம்மாகிட்ட அரியரை மறைக்காதே. டி.சி., பீஸ், மாத்தல் எல்லாம் அவங்க கையெழுத்து இல்லாம நடக்காது. சொல்றப்ப இதையும் சேர்த்துச் சொல்லு: பி.பார்ம் நாலாவது செமஸ்டர்ல, மருந்துச் சரக்கு பத்தின பாடத்துல அகார் வருது. மாத்திரையிலயும் கிருமி வளர்த்துப் பார்க்கிற பரிசோதனைக் கூடத்துலயும் பயன்படுற அகார். அது எதுலேர்ந்து வருது? உங்கம்மா மூச்சுப் பிடிச்சு மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, அதுலேர்ந்துதான். கட்டக்கோரையிலேர்ந்து வர்ற ஆல்ஜினேட்டு நெஞ்செரிச்சல் மருந்துல இருக்கு, புண்ணுக்குப் போடுற கட்டுல இருக்கு. அந்தப் பாடம் வர்றப்ப வகுப்புல உனக்குத் தெரிஞ்ச அளவு அந்தப் பாசியைத் தொட்டுப் பார்த்தவங்க யாரும் இருக்கமாட்டாங்க. அம்மா கோவிச்சுக்கிட்டா என் நம்பருக்கு அவங்களையே பேசச் சொல்லு, நான் பேசுறேன்.

பிளஸ் டூ மார்க் ஷீட்டு, நாலு அரியர் தாளோட பேர், ரெண்டையும் எனக்கு அனுப்பி வை. தேர்வுக்குழு விளக்கக் குறிப்பேடு இந்த வருஷத்துக்கு வந்ததும் உன் மார்க்குக்கு எந்தெந்தக் காலேஜ் போட்டுப் பார்க்கலாம்னு உட்கார்ந்து பார்ப்போம். மதுரை மருத்துவக் கல்லூரியிலயே பி.பார்ம் இருக்கு, முதல்ல அதைப் போடணும்.

சரி, அடுத்த கேள்வி சாயல்குடியிலேர்ந்து, பிரஷர் மாத்திரையை வெறும் வயித்துல போடலாமான்னு ஒரு ஐயா கேட்டிருக்காங்க.