பாட்டு எப்ப வரும்?

(பாளையங்கோட்டைல ஒரு சின்னக் கூட்டத்துல பேசுனது, பேசுன மாதிரியே டைப் பண்ணிருக்கேன்)

எல்லாருக்கும் வணக்கம். மைக்கு லேசா இரையுது, பொறுத்துக்கிடுங்க. அண்ணாச்சி என்னைய சினிமா விமர்சகர்னு சொல்லி மேடை ஏத்திட்டாவ, அப்படிலாம் ஒண்ணும் கிடையாது, படம் பாப்பேன், பாத்துட்டு டீக்கடைல நின்னு சண்ட போடுவேன், அம்புட்டுதான்.

2024 ஆகஸ்டு 23, வெள்ளிக்கெழம. ஒரே நாள்ல ரெண்டு படம் வந்துச்சு, மாரி செல்வராஜோட வாழை, வினோத்ராஜோட கொட்டுக்காளி. வாழைக்கு நின்னு பாக்கக்கூட எடம் இல்ல, நம்ம பக்கத்துக் கதைலா. கொட்டுக்காளிக்கு எண்ணிப் பாத்தேன், பதினோரு பேரு, அதுலயும் ரெண்டு பேரு "அவார்டு படம்லா வே"ன்னு பாதில எந்திச்சுப் போய்ட்டாவ.

போன வாரம் ரெண்டையும் மறுக்கா பாத்தேன். சின்ன வயசுல ஸ்ரீவைகுண்டம் பக்கம் நானும் வாழைத்தார் சுமந்தவன். சட்டைல வாழைக்கறை பட்டா எத்தன வாட்டி வெளுத்தாலும் போவாது, தலைல சும்மாடு, கால்ல சேறு, வரப்பு வழுக்கும், அந்நேரம் காதுல கேக்குறது நம்ம மூச்சு மட்டுந்தான், வேற ஒண்ணும் கேக்காது. வாழைல அந்தப் பய தார் தூக்குற எடத்துல சந்தோஷ் நாராயணன் இசை வரும், நல்ல இசைதான், கொற சொல்லல, ஆனா என் மூச்சு எனக்குக் கேக்கல. அதுக்காக அந்தப் படத்த விட்டுக்குடுக்க மாட்டேன். கூலி ஒரு ரூவா கூடக் கேட்டதுக்கு, சரி தாரேன், லாரில தாருக்கு மேலயே ஏறி வாங்கன்னு யாவாரி சொல்லுவாம் பாருங்க, அந்த ஒரு ரூவாதான் மொத்தப் படமும்.

கொட்டுக்காளில பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், சேவல், பொம்பளைய பேச்சு, அவ்வளவுதான். சூரி தொண்டைல சுண்ணாம்ப அப்பிக்கிட்டு கட்டுன குரல்ல பேசுவாரு, இது அந்தப் பழைய காமெடி சூரிதானான்னு இருந்துச்சு. கதாநாயகி அன்னா பென் வாயத் தொறக்கவே மாட்டாவ, ஆனா சுத்தி இருக்குற அம்புட்டுப் பேரையும் பதற வைக்காவ. ஒரு எடம் மட்டும் எனக்கு ஒத்துக்கல, வழிய மறிச்சு ஒரு காளை நிக்கும், ஆம்பளையாளால ஒண்ணும் முடியாது, ஒரு சின்னப் பிள்ள வந்து சாதாரணமா கூட்டிட்டுப் போயிரும். அது டைரக்டரு நம்ம தோளத் தட்டி "புரியுதால்லா"ன்னு கேக்குற மாதிரி இருந்துச்சு. கடைசில பாண்டி, அதான் சூரி, அந்தப் பொண்ணு விசயத்துல என்ன முடிவெடுத்தாம்னு சொல்லாமலே முடிச்சிருதாரு, எனக்குப் பின்னாடி ஒருத்தர் "மிச்சப் படம் எங்கல?"ன்னு கேட்டாரு, நான் சிரிச்சுட்டேன்.

மெய்யழகன் படத்தப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிடுதேன். ரிலீசுக்கு அப்பறம் 18 நிமிசத்த வெட்டிட்டாவ, நீளமா இருக்காம். ராத்திரி ரெண்டு பேரு உக்காந்து பேசுறதுதான வே அந்தப் படமே, சொந்தக்காரன் வந்தா பேச்ச சீக்கிரம் முடின்னா சொல்லுவோம்?

எங்கம்மாவ உக்கார வச்சு வீட்டு டிவில கொட்டுக்காளிய போட்டேன். கால் மணி நேரத்துக்கு ஒருக்க "ஏல, பாட்டு எப்ப வரும்?"னு கேட்டா. அப்பறம் சத்தமே இல்ல, தூங்கிட்டான்னு நெனச்சேன். திடீர்னு சொல்லுதா, "அந்தப் பய தொண்டைல சுண்ணாம்பு காஞ்சிட்டுல, மறுக்கா தடவச் சொல்லு."