பூ வைக்கும்போதே சொல்லுங்கள்

(பழனி மலையின் மேல்மலைக் கிராமம் ஒன்றில், மகளிர் குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, உட்காரச் சொன்னாலும் கேட்காமல் கதவோரம் நிற்கும் அண்ணன்மார்களே, வணக்கம்.

குழந்தைத் திருமணம் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். சட்டத்தை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். கல்யாண வயசு பெண்ணுக்கு 18, பையனுக்கு 21. மீறி நடத்தி வைத்தால், 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் ஏன் நடக்கிறது?

வறுமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. பூண்டு நல்ல விலைக்குப் போன வருஷத்திலும் கல்யாணம் நடக்கிறது, கையில் காசு இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று. வயசு ஏற ஏற பவுனும் ஏறும் என்ற கணக்கு ஒரு பக்கம். தாய்மாமன் வீடு என்றால் சீர் பற்றிப் பேச்சே வராது என்ற நிம்மதி இன்னொரு பக்கம். "நான் கண்ணை மூடுறதுக்குள்ள பார்த்துடணும்" என்று பாட்டி வேறு படுக்கையிலிருந்து சொல்லுவார். (அப்படிச் சொன்ன பாட்டிகள் பலர் கொள்ளுப்பேத்தி கல்யாணம் வரை நன்றாகவே இருக்கிறார்கள்.)

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது பயம். அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் காட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பத்தாவது முடித்த பெண் வீட்டில் தனியாக இருக்கிறாள், கையில் போன். மேலே படிக்க வைக்கலாம் என்றால், சாயங்கால பஸ்ஸை விட்டால் இருட்டில், காட்டுமாடு நிற்கும் பாதையில் நடந்து வரவேண்டும். யாரோடாவது பேசினாள் என்று ஒரு சொல் வந்தால் போதும், அடுத்த முகூர்த்தத்தில் தாலி. பெற்றவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். ஊர் வாய்க்கு அஞ்சுகிறார்கள். வீட்டில் அவசரப்படுத்துவதைப் பார்த்து, பிடித்த பையனோடு தானே கிளம்பிவிடும் பெண்களும் உண்டு. அப்புறம் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வழக்கு, பையன் சிறையில். அதுவும் குழந்தைத் திருமணம்தான். அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

இப்போது மண்டபம், பத்திரிகை எதுவும் கிடையாது. ஏதாவது ஒரு கோயிலில் விடியற்காலையில் முடிந்துவிடுகிறது. கர்ப்பத்தைப் பதிய வரும்போதுதான் செவிலியருக்கு வயசு தெரிகிறது. வழக்கு வருமோ என்று பயந்து, பதியாமலேயே ஆஸ்பத்திரிப் பக்கம் வராமல் மறைப்பவர்களும் உண்டு. ரத்தசோகையோடு இருக்கும் பதினாறு வயசுப் பிள்ளைக்கு அது உயிரோடு விளையாடுவது.

அரசாங்கமே கணக்கை மாற்றிவிட்டது. முன்பு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமணத்துக்குத் தந்த உதவியை, 2022இல் புதுமைப் பெண் திட்டமாக்கி, அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரி முடியும் வரை மாதம் 1000 ரூபாய் தருகிறார்கள். பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் கொடைக்கானலில் 1984 முதல் இருக்கிறது. நம் பிள்ளைகள் அதுவரை போய்ச் சேர வேண்டுமே!

உங்களிடம் கேட்பது இரண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்கிறவர்கள் பந்திக்கு இலை போடும் நேரத்தில் செய்யாதீர்கள். அன்று நின்றால் கடன் அப்பா தலையில், பழி அந்தப் பெண் தலையில். பூ வைக்கும்போதே சொல்லிவிட்டால் சமூக நல அலுவலர் வந்து பேசி நிறுத்த முடியும். தேவைப்பட்டால் நீதிமன்றத் தடையும் வாங்கலாம். சொன்னவர் யார் என்பது வெளியே வராது.

இரண்டாவது, அடுத்த கிராம சபையில் குடிநீர், தெருவிளக்கோடு சேர்த்து, மேல்நிலைப் பள்ளி விடும் நேரத்துக்கு ஒரு பஸ் வேண்டும் என்று தீர்மானம் எழுத வையுங்கள். கதவோரம் நிற்கும் அண்ணன்மார்களும் அன்றைக்கு உள்ளே வந்து கையெழுத்துப் போடவேண்டும்.