28 நாளுக்கு ஓர் ஊசி: பிஜித் தீவுகளில் பிள்ளையைக் கூப்பிட்டு வருவது யார்?

வணக்கம் மக்களே. ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறேன், வேர்ப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

ருமாட்டிக் காய்ச்சல் மறுபடி வராமல் இருக்க 28 நாளுக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசி பற்றி நான் முன்பு போட்ட வீடியோவுக்கு வந்த கமெண்ட்களில் பாதி ஒரே கேள்விதான்: "பத்து வருஷம் மாதாமாதம் ஊசியா? நடக்கிற காரியமா?" கடலைத் தாண்டித்தான் ஊசிக்கே போக வேண்டிய பிஜியில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று இன்று பார்ப்போம்.

புதிதாக வந்தவர்களுக்கு நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப் புண் வருகிறது, யாரும் கவனிக்கவில்லை. சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரத்தில் ருமாட்டிக் காய்ச்சல் வரும். மூட்டு வீங்கும், வற்றிவிடும். கிருமியை விரட்டக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி இதய வால்வையும் தாக்கினால் அதுதான் வம்பு. காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் வால்வு இன்னும் கெடும். 5 முதல் 15 வயதுக்குள்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். இந்த நோய் மிக அதிகமாக உள்ள நாடுகளில் பிஜியும் ஒன்று. அங்கே பூர்வகுடிப் பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கிறது.

மறுபடி வராமல் தடுப்பது பென்சத்தீன் பெனிசிலின். பழைய மருந்து, விலை குறைவு. நர்சான நான் வார்டில் போடுகிற அதே ஊசிதான். புட்டியில் வெள்ளைப் பொடி இருக்கும். தண்ணீர் விட்டுக் குலுக்கினால் கெட்டிப் பால் மாதிரி ஆகும். சிரிஞ்சில் ஏற்றிவிட்டுக் கொஞ்சம் அசந்தால் ஊசி அடைத்துக்கொள்ளும். உருவி எடுத்து இன்னொரு முறை குத்த வேண்டும். இடுப்புக்குக் கீழே ஆழமாகப் போடுவதால் ஒன்றிரண்டு நாள் உட்காரவே வலிக்கும். அடுத்த மாதம் நம் தலையைக் கண்டதுமே பிள்ளை ஓட்டம் எடுக்கும்!

இதையே பிஜியில் வைத்துப் பாருங்கள். 300-க்கும் மேற்பட்ட தீவுகள். அதில் சுமார் நூற்றில்தான் ஆள் வசிக்கிறார்கள். கடல் கொந்தளித்தால் படகு கிடையாது. பையன் ரக்பி விளையாடிக்கொண்டிருக்கிறான், "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஹாஸ்டலில் சேர்ந்து வேறு தீவுக்குப் போய்விடுவான். பதிவேட்டில் பெயர் பழைய ஊரிலேயே கிடக்கும்.

இங்கேதான் 'நாசி நி கோரோ' வருகிறார். ஊர்க்காரர்தான், ஊருக்குச் சுகாதாரப் பணியாளர். எந்தப் பிள்ளை எந்த அத்தை வீட்டில் இருக்கிறது, எவன் ஊசிக்குப் பயந்து தோட்டத்துக்குள் ஒளிகிறான் எல்லாம் தெரிந்தவர். கம்ப்யூட்டர் பட்டியலைவிட எனக்கு இவர்மேல்தான் நம்பிக்கை.

வால்வு கெட்டிருக்கிறதா என்று பார்க்க இதய ஸ்கேன் எடுக்க வெளியிலிருந்து குழு போனாலும் நேரே மெஷினைத் திறக்க முடியாது. முதலில் செவுசெவு. காவா என்ற செடியின் வேரை (அதில்தான் அங்கே பானம் தயாரிப்பார்கள்) ஊர்த் தலைவர் முன் வைத்து அனுமதி கேட்கிற சடங்கு. வெட்டிச் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். தலைவர் ஏற்றுக்கொண்ட குழுவிடம் பிள்ளையை அனுப்பப் பெற்றோருக்குத் தயக்கம் குறையும் என்பது என் கணிப்பு. ஸ்கேன் எடுக்கவும் அங்கே நர்ஸ்களுக்கே பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள்: முதல் சல்லடை அவர்களுடையது, சந்தேகமானதை மட்டும் இதய மருத்துவர் பார்ப்பார். எங்கள் நர்ஸ் இனம், பெருமைப்பட்டுக்கொள்கிறேன்! (அப்புறம் ஒரு துணுக்கு: பிஜியின் லம்பாசாவில் ஒரு நர்சிங் கல்லூரி இருக்கிறது. அதை நடத்துவது கரும்புத் தோட்டத்துக்குப் போன தென்னிந்தியர் 1926-ல் தொடங்கிய சங்கம்.)

பிஜியில் மட்டுமல்ல. நியூசிலாந்தில் பூர்வகுடி மாவோரிப் பிள்ளைகளும் பசிபிக் தீவுக் குடும்பங்களின் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிகளுக்கு உள்ளூர்ப் பணியாளர்களே போய், "யாருக்குத் தொண்டை வலி?" என்று கேட்டுத் தொண்டையில் பஞ்சுக் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள். கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்தில் 1986 முதல் 1996 வரை குடும்ப மருத்துவர், பள்ளி, பெற்றோர் என்று எல்லோரையும் சேர்த்தார்கள். ருமாட்டிக் காய்ச்சல் லட்சத்துக்கு 18.6-லிருந்து 2.5 ஆக இறங்கியது. 2018-ல் உலக சுகாதார சபை இந்த நோய் பற்றித் தீர்மானமும் போட்டது. நல்லது, ஆனால் தீர்மானம் யாரையும் படகில் ஏற்றிக் கூட்டி வராது.

சரி, கடைசிக் கேள்வி: "ஊசிக்குப் பதில் மாத்திரை கூடாதா?" உண்டு. ஆனால் தினமும் இரண்டு வேளை, வருஷக்கணக்கில். மறந்துபோவது சுலபம், அதனால்தான் ஊசிக்கு முதலிடம். வால்வு மிக மோசமாக இருப்பவர்களுக்கு மருத்துவரே மாத்திரையைத் தேர்வு செய்வதும் உண்டு. நீங்களாக மாற்றிவிடாதீர்கள். ஊசி தேதி தள்ளிப்போயிருந்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் நாளைக்கே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.