ஒரே இடத்தில் நின்றவரா, எந்த இடத்திலும் ஆடுபவரா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பேஸ்பால் அணிக்கு அதிகம் கைகொடுப்பவர் ஒரே இடத்தில் ஊறியவரா, எந்த இடத்திலும் ஆடுபவரா என்பது தலைப்பு. எதிரணி அண்ணன் "பல மரம் பார்த்த தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்" என்றார். டெரெக் ஜீட்டரைக் காட்டினார். கைதட்டலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நியூயார்க் யாங்கீஸுக்காக 20 சீசன், 2,674 ஆட்டங்களில் ஃபீல்டிங், அத்தனையும் ஷார்ட்ஸ்டாப்பில், அதாவது ஓடுபவர் தொட்டுப் போகும் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் இடத்தில். சரி, மறுக்கவில்லை. ஜீட்டரிடம் அப்புறம் வருகிறேன்.

நான் காட்டும் தச்சன் பென் ஸோப்ரிஸ்ட். இவரும் ஷார்ட்ஸ்டாப்பாகத்தான் 2006இல் டாம்பா பே அணிக்கு வந்தார். அந்த வருடம் பேட்டிங் சராசரி .224. அடுத்த வருடம் .155. கிரிக்கெட் பழக்கத்தில் 155 என்று கேட்டு யாரும் கைதட்டிவிட வேண்டாம்; ஆயிரத்துக்கு 155 தடவைதான் ஹிட் என்று அர்த்தம்! அந்த ஒரே மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தால் மனிதர் மூட்டை கட்டியிருப்பார். மேனேஜர் ஜோ மேடன் என்ன செய்தார்? எங்கே ஆள் வேண்டுமோ அங்கே இவரை நிறுத்தினார். 2009இல் பந்தெறியும் பிட்சர், அவருக்கு எதிரே பிடிக்கும் கேட்சர் தவிர மற்ற ஏழு இடங்களிலும் ஆடினார். சராசரி .297, நம் சிக்ஸர் மாதிரியான ஹோம் ரன் 27, சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு அழைப்பும் வந்தது.

ஏழு இடம் என்றால் நாற்காலி மாற்றி உட்காருவது இல்லை, அண்ணே. கையுறையே வேறு. பேஸ்களை ஒட்டிய இன்ஃபீல்டுக்குச் சின்னது, விழுந்த பந்தைக் கண நேரத்தில் உருவி எறிய வேண்டும். அதற்குப் பின்னால் இருக்கும் அவுட்ஃபீல்டுக்கு நீளமானது. முதல் பேஸுக்கு அதற்கென்றே தனி வார்ப்பு. இரண்டாம் பேஸில், ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்கும் டபுள் ப்ளேக்காகப் பந்தைத் திருப்பி எறியும்போது, கண்ணுக்குப் படாத பக்கத்திலிருந்து எதிரணிக்காரன் சறுக்கிக்கொண்டு காலடியில் வருவான். அவுட்ஃபீல்டின் வலது பக்கமான ரைட் ஃபீல்டிலோ அண்ணாந்தபடி ஓடும்போதே சுவர் எத்தனை அடியில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

2015 ஜூலையில் கான்சஸ் சிட்டி அணி ஸோப்ரிஸ்டை வாங்கியது. லெஃப்ட் ஃபீல்டர் அலெக்ஸ் கார்டன் காயத்தில் படுத்திருந்தார், அங்கே போய் நின்றார். கார்டன் திரும்பியதும் இரண்டாம் பேஸுக்கு நகர்ந்தார். ஒரே ஆளை வாங்கி இரண்டு ஓட்டையை அடைத்தார்கள். அந்த வருடம் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸ் அவர்களுக்கு.

அடுத்த வருடம் இவர் போனது சிகாகோ கப்ஸுக்கு, 1908க்குப் பிறகு அந்தப் பட்டமே பார்க்காத அணி. சீசன் முழுக்கப் பெரும்பாலும் இரண்டாம் பேஸில் நின்றவர், வேர்ல்ட் சீரிஸில் அந்த இடத்தை ஹாவியர் பாயேஸுக்கு விட்டுவிட்டு லெஃப்ட் ஃபீல்டுக்குப் போனார். முகம் சுளிக்கவில்லை. நவம்பர் 2, கிளீவ்லாண்டில் ஏழாவது ஆட்டம். 6-6. மழை வந்து 17 நிமிடம் ஆட்டம் நின்றது. பத்தாவது இன்னிங்ஸில் கிளீவ்லாண்ட், கப்ஸின் ஆந்தணி ரிசோவை அடிக்கவிடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டு, அடுத்து வரும் ஸோப்ரிஸ்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது. நல்லாப் பார்த்தார்கள்! மூன்றாம் பேஸ் கோட்டை ஒட்டிப் பந்து பறந்தது. இரண்டு பேஸ் ஓடும் டபுள், கப்ஸ் 7-6. கடைசியில் கப்ஸுக்கு 8-7 வெற்றி. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் இவருக்கே.

இப்போது ஜீட்டர். 2004இல் யாங்கீஸுக்கு அலெக்ஸ் ரோட்ரிகஸ் வருகிறார். ஷார்ட்ஸ்டாப்பில் சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் க்ளவ் விருதை இரண்டு முறை வாங்கியவர். அந்த இடத்தை விட்டு ஜீட்டரோ நகரவில்லை. அப்போது மூன்றாம் பேஸைப் புதிதாகக் கற்றுக்கொண்டு ஆடியது யார்? ரோட்ரிகஸ்! அண்ணன் சொன்ன 2,674இல் 2004க்குப் பிந்தைய ஆட்டங்களை எல்லாம் யார் கணக்கில் எழுதுவது? நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அண்ணனே வந்து பதில் சொல்லட்டும்.