பூனை நடிப்பதில்லை

எல்லோருக்கும் வணக்கம். காட்ஃபாதர் படத்தின் முதல் காட்சி நினைவிருக்கிறதா? மாஃபியா தலைவராக நடிக்கும் மார்லன் பிராண்டோ உட்கார்ந்திருப்பார், மடியில் ஒரு பூனை. அந்தப் பூனை திரைக்கதையிலேயே கிடையாது. ஸ்டூடியோவில் சும்மா திரிந்துகொண்டிருந்ததை இயக்குநர் கொப்பொலா தூக்கிவந்து பிராண்டோவின் கையில் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். அது பாட்டுக்கு மடியில் புரண்டு, குர்குர் என்று போட்ட சத்தத்தில் வசனமே சரியாகப் பதிவாகவில்லை என்பார்கள். ஓர் ஆள் வந்து கொலை செய்யச் சொல்லிக் கெஞ்சுகிற காட்சி அது, ஆனால் நம் கண் என்னவோ பூனை மேல்தான் போகிறது.

நாய் என்றால் உட்கார் என்றதும் உட்காரும். பூனையையும் பழக்குகிறார்கள்தான், ஆனால் அதற்கு மனசு வரவேண்டும், வராவிட்டால் நீங்கள் யாரோ அது யாரோ. அதனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கிற நாலைந்து பூனைகளைக் கொண்டுவந்து, ஓட ஒன்று, மடியில் தூங்க ஒன்று என்று ஒப்பேற்றுவார்கள். 1979-இல் வந்த ஏலியன் படத்தின் ஜோன்ஸ் பூனையும் அப்படித்தான். வேற்றுக்கிரக ஜந்துவைப் பார்த்து அது சீறுகிற இடத்துக்கு, ஒரு தடுப்புக்குப் பின்னால் ஜெர்மன் ஷெப்பர்ட் நாயை நிறுத்தி வைத்து, சட்டென்று தடுப்பை விலக்கினார்களாம்! நாம் திரையில் பார்ப்பது அசல் பயம். ஒரு வாயில்லா ஜீவனை இப்படி வெருட்டியது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அந்த ஷாட்டை மறக்க முடியவில்லை.

சரி, கார்ட்டூனுக்கு இந்தத் தொல்லையே இல்லை, வரைகிறவர் சொன்னதைப் பூனை கேட்கும். டாம் அண்ட் ஜெர்ரியின் நம் டாம் 1940-இல் முதல் படத்தில் வந்தபோது அதன் பெயர் ஜாஸ்பர். அப்புறம் டாம் ஆகி, இரண்டு காலில் நடந்து, பியானோ வாசித்து, ஆஸ்கர் வரைக்கும் போய்விட்டது. அடிபட்டதும் அது போடுகிற அலறல் இருக்கிறதே, அது படைத்தவர்களில் ஒருவரான வில்லியம் ஹன்னாவின் சொந்தக் குரல். யோசித்துப் பாருங்கள், அதில் பூனை எங்கே இருக்கிறது? பூனைத்தோல் போர்த்திய மனுஷன் அது. குறையாகச் சொல்லவில்லை, இப்போது போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன்.

வரைந்த பூனை பூனையாகவே இருந்து நான் பார்த்தது ஃப்ளோ படத்தில்தான். 2024-இல் லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கியது. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்த படம், அடுத்த ஆண்டே ஆஸ்கர் வாங்கியது. வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட பூனை, படம் முழுக்க ஒரு வார்த்தை பேசாது. தண்ணீரைக் கண்டால் பதறும், படகில் கூட வருகிறவர்களை ஓரக்கண்ணால் அளக்கும், பிறகு மெதுவாக மீன் பிடிக்கக் குதிக்கப் பழகும். மியாவ் சத்தம்கூட நிஜப் பூனையிடம் பதிவு செய்தது.

வீட்டில் அந்தப் படத்தைப் போட்டேன். முதல் மியாவுக்கே எங்கள் பூனை காதை நிமிர்த்தி எழுந்துபோய் டிவிக்குப் பின்னால் தேடியது. டாம் கத்தினால் தலையைக்கூடத் திருப்பாது.